முரீத் பர்கூதியின் 'ரமல்லாவைக் கண்டேன்': வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பலஸ்தீனக் கவிஞர் முரீத் பர்கூதியின் நினைவுநூலை எடுத்துக்கொண்ட நாள் முதல், புத்தகத்தை இரவல் வாங்கிச் செல்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடுதான் திரும்பி வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்து, என்னால் இயன்ற மறுமொழிகளைத் தந்திருக்கிறேன். இந்நூல் 1997இல் அரபியில் வெளிவந்து அதே ஆண்டு நகீப் மஹ்ஃபூஸ் இலக்கியப் பதக்கத்தைப் பெற்றது. 2000இல் அஹ்தாஃப் சுவைஃபின் ஆங்கில மொழிபெயர்ப்பு, எட்வர்ட் சயீதின் முன்னுரையோடு வந்தது. நாங்கள் வாசிப்பது அந்த ஆங்கிலப் பதிப்பையே. தமிழ்த் தலைப்பு எங்கள் வசதிக்காக வைத்துக்கொண்டது.

இது நாவலா, சுயசரிதையா? முதலில் அதைச் சொல்லுங்கோ.

இரண்டும் அல்ல, நினைவுநூல். பிறந்தது முதல் இன்றுவரை என்று வரிசையாகச் சொல்லும் சுயசரிதையாக இதை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 1944இல் ரமல்லாவுக்கு வடமேற்கே உள்ள தைர் கஸ்ஸானா என்னும் மலைக்கிராமத்தில் பிறந்த ஒருவர், முப்பது ஆண்டுகள் வெளியே வாழ்ந்துவிட்டு, 1996ஆம் ஆண்டுக் கோடையில் சில நாட்களுக்கு ஊர் திரும்புகிறார். நூலின் சட்டகம் அந்தச் சில நாட்கள்தான். ஆட்களும் இடங்களும் உண்மையானவை.

பலஸ்தீன வரலாறு ஒன்றும் தெரியாமல் தொடங்க ஏலுமா?

ஏலும். மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்திருந்தால் போதும். 1948இல் இஸ்ரேல் உருவானபோது ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். ரமல்லா அடங்கிய மேற்குக் கரை ஜோர்தானின் ஆட்சிக்குக் கீழ் வந்தது. 1967 ஜூனில் நடந்த ஆறு நாள் போரில் அந்த மேற்குக் கரையையும் இஸ்ரேல் கைப்பற்றியது. 1993இல் இஸ்ரேலுக்கும் பலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையில் ஒஸ்லோ உடன்படிக்கை கைச்சாத்தாகி, அடுத்த ஆண்டு பலஸ்தீன அதிகார சபை அமைந்தது. வெளியில் இருந்த பலஸ்தீனர்களில் ஒரு சிலருக்குத் திரும்பி வர அனுமதி கிடைத்தது. பர்கூதி ஜோர்தான் ஆற்றின் பாலத்தைக் கடந்து ஊருக்குப் போவது அப்படிக் கிடைத்த ஓர் அனுமதியைக் கொண்டுதான்.

இதற்கு மேல் வேண்டியதை நூலே சொல்லிவிடும். முழு வரலாற்றையும் படித்து முடித்த பிறகே தொடங்குவேன் என்று தள்ளிப்போட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் இன்னும் தொடங்கவில்லை.

அவர் ஓடி வந்த அகதி இல்லையே, கெய்ரோவுக்குப் படிக்கப் போனவர்தானே? பிறகு எப்படி நாடிழந்தவர் ஆகிறார்?

திரும்பி வரும் வழி அடைபட்ட நாளில் அவர் நாடிழந்தவர் ஆனார். புறப்பட்ட காரணம் இரண்டாம்பட்சம். 1967 ஜூன் 5ஆம் திகதி போர் தொடங்கியபோது பர்கூதி கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார், பாடம் இலத்தீன். பட்டதாரி மகன் வீடு திரும்புவான் என்று ரமல்லாவில் குடும்பம் காத்திருந்தது. தேர்வு முடிவதற்குள் அந்த வீடு இன்னோர் ஆட்சியின் கீழ்ப் போய்விட்டது. அந்த ஆண்டு இஸ்ரேல் எடுத்த குடித்தொகைக் கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாதவர்கள் வதிவுரிமையை இழந்தார்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போயிருந்த ஒரு தலைமுறையே இப்படிக் கதவுக்கு வெளியே நின்றுபோயிற்று. 1983க்கு முன் படிக்கவென்று இலண்டனுக்குப் போய், பின்னர் திரும்பி வர இயலாமற் போனவர்களின் குடும்பங்கள் கொழும்பில் உண்டு. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதோடு முடியவில்லை. 1977இல் எகிப்திய ஜனாதிபதி சாதாத் ஜெரூசலத்துக்குப் போகவிருந்த வேளையில் எகிப்திய அரசு பர்கூதியைக் கைதுசெய்து நாடுகடத்தியது. மகன் தமீமுக்கு அப்போது ஐந்து மாதம். மனைவி ரத்வா ஆஷூர் எகிப்திய நாவலாசிரியர், பல்கலைக்கழக ஆசிரியர். அவர் மகனோடு கெய்ரோவில் இருக்க, இவர் புடாபெஸ்டில் இருந்தார். பதினேழு ஆண்டுகள் குடும்பம் விடுமுறைகளில் மட்டுமே ஒன்றுசேர்ந்தது. தகப்பனை அரிதாகவே கண்ட பிள்ளை அவரை 'மாமா அப்பா' என்று அழைத்த கதைக்கு ஓர் அத்தியாயமே உண்டு. முழு நூலுக்கும் நேரமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த அத்தியாயத்தைத்தான்.

கதை ஏன் நேராகப் போகவில்லை? பாலத்தில் நிற்கிறார் என்று பார்த்தால் திடீரென்று பாரிஸில் நிற்கிறார்.

முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி ஜோர்தான் ஆற்றின் பாலத்தையும் அதன் மறுகரையில் இருக்கும் காவலறையையும் விட்டு நகர்வதில்லை. மரப்பாலம், காலடியில் பலகைகளின் கிறீச்சொலி, தோளில் ஒரு பை, எதிரே துப்பாக்கியோடு ஓர் இளம் சிப்பாய். கடவுப்பத்திரங்கள் வரும்வரை அவன் அறையிலேயே இவர் உட்கார வேண்டியிருக்கிறது. செய்வதற்கு எதுவும் இல்லாத அந்த நேரத்தில் இறந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவில் வருகிறார்கள்: தகப்பனார், பாட்டி, 1993இல் பாரிஸ் ரயில் நிலையத்தில் இறந்த அண்ணன் முனீஃப், 1987இல் இலண்டனில் சுடப்பட்டு இறந்த கேலிச்சித்திர ஓவியர் நாஜி அல்-அலி. கதை பாரிஸுக்குத் தாவுவது இதனால்தான்.

காத்திருப்பவனின் மனம் எப்படி அலையுமோ அப்படியே நூலும் அலைகிறது. குழப்பமாக இருந்தால் ஒரு பென்சிலை எடுத்து, 1996இல் நடப்பவற்றின் ஓரத்தில் மட்டும் கோடிட்டுக்கொண்டு வாசியுங்கள். கோடிட்ட பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தால் பயணம் நேராகவே போவது தெரியும்.

ஒரு எண்ணெய்ப் போத்தலுக்கும் அத்திமரத்துக்கும் ஏன் இத்தனை பக்கம்? பெரிய விடயங்களை எழுதக் கூடாதா?

பெரிய விடயம் சின்னப் பொருளில்தான் கையில் அகப்படுகிறது என்பது என் எண்ணம். தைர் கஸ்ஸானா ஒலிவ மரங்களின் ஊர். அந்த ஊர்க்காரர் வீட்டில் எண்ணெய் விலைக்கு வாங்கும் பொருளல்ல. சொந்த மரத்தில் காய்த்து, செக்கில் ஆட்டி, ஆண்டு முழுவதற்கும் வீட்டில் இருப்பில் வைப்பது. அப்படி வளர்ந்தவர் கெய்ரோவில் ஒரு நாள் கடைக்குப் போய், சிறிய போத்தல் ஒன்றில் ஒலிவ எண்ணெயை விலை கொடுத்து வாங்குகிறார். அவருக்கு அது மானக்கேடாக இருக்கிறது. நாடு போயிற்று என்பதை எத்தனை முழக்கங்கள் சொன்னாலும், வளவுப் பொருளைக் கடையில் வாங்க நேர்ந்தவனின் அந்தக் கூச்சம் சொல்லுகிற அளவுக்குச் சொல்ல முடியாது.

இன்னொரு காரணத்தை அவரே நூலில் சொல்லியிருக்கிறார். நீண்ட ஆக்கிரமிப்பு மக்களை ஒரு மண்ணின் பிள்ளைகளாக இருந்த நிலையிலிருந்து, அந்த மண்ணைப் பற்றிய எண்ணத்தின் பிள்ளைகளாக மாற்றிவிட்டது என்பது அவரது முறைப்பாடு. ஊரைச் சின்னமாக மட்டும் வைத்துக்கொண்டால் அதன் தூசியும் சேறும் குடும்பச் சண்டையும் மறந்துபோகும். பொருட்களை விவரமாக எழுதுவது அந்த மறதிக்கு எதிரான அவருடைய வேலை. அத்திமரத்தைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவதை எப்படி நம்புவது?

சொல்பவற்றை வகைபிரித்து நம்ப வேண்டும். போர் எந்த நாள் தொடங்கியது, எந்த ஆண்டு நாடுகடத்தப்பட்டார் என்பவற்றைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஊர் எப்படி இருந்தது என்பதை அங்கே இருந்தவர்களிடம் கேட்கலாம். அவர் என்ன உணர்ந்தார் என்பதற்கு அவரைத் தவிரச் சாட்சி இல்லை. ரஷ்யாவை இழந்த விளாதிமிர் நபகோவ் 1951இல் வெளியிட்ட தம் நினைவுநூலை, உறவினர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளையும் திருத்தி 1960களில் புதுக்கி வெளியிட்டார். ஞாபகம் தவறும் என்பதை நல்ல நினைவுநூலாசிரியர்கள் அறிந்தே எழுதுகிறார்கள்.

பர்கூதி இதில் ஒரு படி மேலே போகிறார் என்பேன். தம் ஞாபகம் தவறுகிற இடத்தை நூலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். பாலத்தைக் கடந்து வாகனத்தில் போகும்போது வழியெங்கும் வெறுமையான சுண்ணாம்புக் குன்றுகளைக் காண்கிறார். பலஸ்தீனம் பச்சைப்பசேலென்று மரங்கள் நிறைந்தது என்று எகிப்திய நண்பர்களிடம் அவர் இத்தனை காலமும் சொல்லி வந்தவர். அப்படியென்றால் இவ்வளவு நாளும் பொய்யா சொன்னேன், அல்லது பாலத்துக்குப் போகும் பாதையே மாற்றப்பட்டுவிட்டதா என்று தம்மையே கேட்கிறார். வேறொருவர் என்றால் அந்தக் குன்றுகளை எழுதாமலே கடந்திருப்பார்.

வெளியில் இருந்தவருக்கு ஊரைப் பற்றிச் சொல்ல என்ன உரிமை? கிடந்து பட்டவன் அல்லவா சொல்ல வேண்டும்?

எங்கள் வட்டத்தில் அதிகம் சூடேறிய கேள்வி இது. போர்க்காலம் முழுவதும் ஊரிலேயே இருந்த ஒருவரும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவரும் அருகருகே உட்கார்ந்திருக்கும்போது இது எழுந்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். என் மறுமொழி அத்திமரத்தில் இருக்கிறது.

தைர் கஸ்ஸானாவில் பர்கூதி குடும்பத்தின் பழைய வீட்டு முற்றத்தில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அவர் கவிதைகளிலும் பேச்சிலும் ஊர் என்றால் அந்த மரம். 1996இல் முற்றத்துக்குள் நுழைகிறார். மரம் இல்லை, அது நின்ற இடத்தில் சீமெந்துக் கட்டுத்தான் இருக்கிறது. வெட்டியது இராணுவம் அல்ல. அந்த வீட்டில் தனியே மிஞ்சியிருந்த சிற்றப்பாவின் மனைவி, வயதான பெண், அவரே வெட்டுவித்திருக்கிறார். போனவர்கள் போய்விட்டார்கள், செத்தவர்கள் செத்துவிட்டார்கள், பழத்தைப் பறிக்கவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை; காய்ந்து விழுந்து முற்றமெல்லாம் குப்பை, கூட்டிக் கூட்டி அலுத்துப்போனேன் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

வெளியே இருந்தவருக்கு மரம் நினைவு. உள்ளே இருந்தவருக்கு அது நாள்தோறும் கூட்டித் தள்ள வேண்டிய சருகு. இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். பர்கூதி அந்தக் கிழவியோடு வாதாடுவதில்லை. அவர் சொன்னதை எழுதிவைக்கிறார். வெளியிலிருந்து எழுதுபவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை நான் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறேன்: தம் நினைவை ஊரில் இருந்தவர் மறுத்துப் பேச எழுதியவர் நூலில் இடம் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் அவர் சொல்வதை நம்பிக் கேட்பேன். நாடிழந்தவர்களின் எந்த நினைவுநூலை எடுத்தாலும் முதலில் அந்த இடத்தைத் தேடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எல்லா மரமும் அப்படியே நிற்கிறது, எல்லாரும் எழுதுபவரைக் கண்டு மகிழ்கிறார்கள் என்றால், அந்நூலில் ஊர் இன்னும் வாய் திறக்கவில்லை.

வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் ஊர்தான் தெரிகிறது. இது எங்கள் கதையும்தானே?

தெரியத்தான் செய்யும். 1990 முதல் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வலிகாமம் வடக்கிலோ, 1995 ஒக்டோபர் இறுதியில் ஓரிரவில் வெறிச்சோடிய யாழ்ப்பாணத்திலோ வேர் உள்ளவர்கள் இதை ஈரமில்லாத கண்களோடு வாசிக்க முடியாது. காணி விடுபட்டது என்று கேள்விப்பட்டுப் போய், வேலியும் இல்லாமல் ஒழுங்கையும் தெரியாமல், கிணற்றை வைத்து வளவை அடையாளம் கண்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அத்திமரம் வெட்டப்பட்ட பக்கத்தை வாசித்ததும் அவர்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

ஆனாலும் முதல் வாசிப்பில் வந்த அந்த ஒப்புமையோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பர்கூதி நுழைவது இன்னொரு நாட்டு இராணுவம் காவல் நிற்கும் எல்லை வழியாக. அனுமதி கிடைத்தும் அவர் அங்கே குடிமகன் அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் தலைமன்னாரில் கப்பலேறிய மலையகக் குடும்பங்களின் நிலை வேறு: 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகள் தீர்மானித்தபோது, அவர்களில் பலருக்குப் போகச் சொன்ன நாடு கண்டறியாத நாடு, விட்டுப்போன தோட்டமே பிறந்த ஊர். எல்லா இழப்பையும் ஒரே இழப்பாக்கிவிட்டால் பலஸ்தீனமும் தெரியாது, மலையகமும் தெரியாது. இரண்டாம் முறை வாசிக்கும்போது, எங்கள் கதையோடு ஒத்துவராத இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்; வட்டத்தில் நல்ல உரையாடல்கள் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பிறந்தன.

தங்கள் பக்கத்துப் பிழைகளை அவர் பேசுகிறாரா, அல்லது எல்லாம் மற்றவன் செய்ததுதானா?

பேசுகிறார். பலஸ்தீனத் தலைமையையும் ஒஸ்லோ உடன்படிக்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் என்னை அதிகம் உலுக்கியது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு சிறிய இடம். 1948இல் கரையோர ஊர்களிலிருந்து விரட்டப்பட்டு மலைப்பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களைத் தாங்களும் அகதிகள் என்றே அழைத்ததை அவர் நினைவுகூர்கிறார். சொந்த நாட்டு மக்களை, தங்கள் முற்றத்துக்கு வந்தவர்களை, அப்படி அழைத்தோமே, அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்கிறார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தாமே அந்த நிலைக்கு வந்த பிறகு எழுந்த கேள்வி அது.

இந்த இடத்தை நாங்கள் தனியாக எடுத்து வாசித்தோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலோர் புத்தளத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய நினைவில் உள்ள யாழ்ப்பாணமும் யாழ்ப்பாணம்தான். அன்றைய அயலவர்களாகிய நாங்கள் எழுதும் ஊர் நினைவுகளில் அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு எத்தனை வரிகளைப் பெறுகிறது என்று பார்த்தால், பர்கூதியின் அந்தக் கேள்வி எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்பது விளங்கும். மேலே அத்திமரத்தைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: மறுத்துப் பேசும் உரிமை, ஊரில் இருந்துவிட்டவருக்கு மட்டுமல்லாமல், நாங்கள் பார்த்திருக்க அனுப்பப்பட்டவருக்கும் உண்டு.

ஆங்கிலத்தில் வாசித்தால் அரைவாசி போய்விடாதா?

அரபிக் கவிதையின் ஓசை போகும். அதற்கு மாற்று இல்லை. மற்றபடி அஹ்தாஃப் சுவைஃப் தாமே நாவலாசிரியர், மொழிபெயர்ப்பும் தெளிவானது. இருநூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். ஆங்கிலம் தயக்கமாக இருப்பவர்களுக்கு வட்டத்தில் ஒருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

ஒரு முறை ஊருக்குப் போய்வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் அல்லவா? ஏன் கடைசிவரை சமாதானம் அடையவில்லை?

அவர் திரும்பிப் போனது ரமல்லாவுக்கு; 1966இல் விட்டுவந்த ரமல்லாவுக்குப் போக எந்தப் பாலமும் இல்லை. தைர் கஸ்ஸானாச் சதுக்கத்தில் ஊரார் முன் கவிதை வாசிக்கும் காட்சியில் இது நன்றாகத் தெரிகிறது. அவர் கவிஞராக வளர்ந்த ஆண்டுகளில் இவர்கள் எவரும் அவரைக் கண்டதில்லை, இவர்கள் பட்ட ஆண்டுகளில் அவர் அருகில் இருந்ததில்லை. அன்பு இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை அவர் மறைத்திருந்தால் நூல் இனிமையாக முடிந்திருக்கும்.

மகனையும் அழைத்துப் போக அனுமதி பெறுவதே அந்தப் பயணத்தின் ஒரு நோக்கம். தமீம் ரமல்லாவை முதன்முதலாகக் காண்பது 1998இல். அந்தக் கதை 2009இல் அரபியில் வந்த இரண்டாவது நினைவுநூலில் இருக்கிறது. முதல் நூலை முடித்தவர்கள் அதையும் வாசிக்க வேண்டும். பிறந்த ஊருக்குத் திரும்பும் தகப்பனும், கேள்விப்பட்ட ஊரைக் காணும் மகனும் ஒரே வீதியில் நடக்கிறார்கள்; இருவருக்கும் தெரிவது ஒரே வீதியல்ல. பர்கூதி 2021இல் அம்மானில் காலமானார்.

அம்மாவுக்கு எண்பது வயது. 95இல் விட்டுவந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறா. இதை வாசித்துக் காட்டலாமா?

எல்லாருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. அவரே ஊரைப் பற்றிப் பேச விரும்புபவர் என்றால், ஒலிவ எண்ணெய்ப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்; நல்லெண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டினோம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை வைத்துவிட்டுக் கேளுங்கள். தொலைபேசியில் மரணச் செய்தி வரும் பகுதிகளையும் அண்ணன் இறந்த பகுதியையும் இரவில் வாசிக்க வேண்டாம். பிள்ளைகள் நாலு நாட்டில் இருக்கும் தாய்மாருக்கு அந்தத் தொலைபேசி மணி நன்றாகத் தெரியும்.

எங்களுடைய ஆட்கள் இப்படி எழுதியவை எங்கே கிடைக்கும்?

புகலிட நாடுகளிலிருந்து வந்த நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் தேடலாம். ஆனால் பலர் எண்ணிப் பார்க்காத ஓர் இடத்தையும் சொல்ல விரும்புகிறேன். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வீடுகளில் வெளியிடும் கல்வெட்டுகளை, அதாவது அவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்களை, எடுத்துப் பாருங்கள். பாட்டியின் புலம்பல் பாக்களுக்கும் வம்சாவளிக்கும் இடையில் எந்த ஒழுங்கையில் வீடு இருந்தது, எந்தக் கோயிலில் எந்தத் திருவிழா அந்தக் குடும்பத்தின் உபயம், யார் எந்த ஆண்டு எந்த நாட்டுக்குப் போனார் என்பவை எல்லாம் கிடக்கும். ஊர்ச் சங்கங்களின் மலர்களிலும் இவை உண்டு. 'நூலகம்' இணைய நூலகம் இத்தகையவற்றையும் மின்பதிப்பாக்கி இலவசமாக வைத்திருக்கிறது.

கல்வெட்டில் இறந்தவரைப் பற்றி நல்லது மட்டுமே இருக்கும் என்பது உண்மை; அதில் மறுத்துப் பேசும் குரலை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரே ஊரைச் சேர்ந்த, வெவ்வேறு குடும்பங்களின், முடிந்தால் வெவ்வேறு சாதியினரின், கல்வெட்டுகள் சிலவற்றைச் சேர்த்து வைத்து வாசியுங்கள். ஒரே கிணறு ஒன்றில் ஊர்க்கிணறாகவும் இன்னொன்றில் தாங்கள் அள்ள முடியாத கிணறாகவும் வரக்கூடும். வீட்டில் பழைய கல்வெட்டுகள் இருந்து, கொடுக்க விருப்பமும் இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம்.